லாரிக்கு உரிமம் பெற்ற சர்வேயர், வயலுக்கு யார்?

லாரி ஒன்று விபத்தில் நசுங்கினால் சேதத்தை மதிப்பிட வேண்டியவர் யார் என்பதில் இந்தியச் சட்டத்துக்கு ஐயமில்லை. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64யூஎம் பிரிவின்படி, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட இழப்பை உரிமம் பெற்ற சர்வேயரே ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். அவ்வுரிமத்துக்குக் கல்வித் தகுதியும் 12 மாத நேரடிப் பயிற்சியும் தேர்வும் உண்டு. ஒரே உரிமம் எல்லா மாநிலங்களிலும் செல்லும். முறைகேடு செய்தால் ஒழுங்குமுறை ஆணையம் அதைப் பறிக்கலாம்.

மராத்வாடாவில் ஆலங்கட்டி மழை கொண்டைக்கடலையை அழித்தால் நிலைமை வேறு. 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், விவசாயி 72 மணி நேரத்துக்குள் சேதத்தை அறிவித்தாக வேண்டும். மதிப்பீட்டாளரைக் காப்பீட்டு நிறுவனமே நியமிக்கும். வேளாண் பட்டமோ பட்டயமோ, கொஞ்சம் அனுபவமோ இருந்தால் அவர் வரலாம். சர்வேயர் உரிமம் கட்டாயமில்லை. வேளாண் அலுவலரும் விவசாயியும் உடனிருக்க வேண்டும் என விதி சொல்கிறது. ஆனால் அறுவடைக்கு முந்தைய சில நாட்களில், ஒரே வட்டாரத்தின் நூற்றுக்கணக்கான வயல்களில் அது எப்படி நடக்கும் என்பதைக் கிராமத்தை அறிந்த எவரும் ஊகிக்கலாம். வேறு மாநிலத்திலிருந்து வந்த, உள்ளூர் மொழி தெரியாத ஒருவர் சதவீதத்தை எழுதுகிறார், விவசாயி கையொப்பமிடுகிறார். எழுதியது தவறென்றால் பறிப்பதற்கு அவரிடம் உரிமமே இல்லை.

உரிமம் கேட்பது லைசென்ஸ் ராஜ்ஜியத்தை மீட்பதாகும், தகுதியுள்ளோர் போதவில்லை என்கிறார்கள் தாராளமயவாதிகள். அந்நிய முதலீட்டு வரம்பை 2015இல் 49 சதவீதமாகவும் 2021இல் 74 சதவீதமாகவும் உயர்த்தச் சட்டத்தைத் திருத்த நேரம் கிடைத்தது. வயலை மதிப்பிடுவோரைப் பயிற்றுவிக்க மட்டும் நேரமில்லையாம்!

உரிமம் வந்துவிட்டால் நீதி வந்துவிடும் என்பதல்ல. உரிமம் பெற்ற சர்வேயருக்கும் ஊதியம் தருவது நிறுவனமே. அவரது அறிக்கை இறுதி முடிவல்ல என்று உச்சநீதிமன்றமே 2009இல் கூறியுள்ளது. ஆயினும் அறிக்கை என ஒன்று கையில் இருந்தால்தான் லாரி உரிமையாளர் அதை எதிர்த்து நுகர்வோர் ஆணையத்தில் வாதாட முடிகிறது. அதே அறிக்கை, உரிம எண்ணுடனும் மாநில மொழியிலும், கையொப்பமிடும் அன்றே விவசாயிக்கும் தரப்பட வேண்டும். அடுத்த பருவத்தில் மதிப்பீட்டாளர் வயலில் இறங்குமுன்னரே அவரது பெயரையும் தகுதியையும் விவசாயிகள் சங்கக் கிளைகள் எழுத்தில் கேட்டுப் பெறட்டும்.