விருந்தா, வரியா?

நமது நாட்டில் கல்யாணச் செலவைக் கண்டியாத சீர்திருத்தவாதி இல்லை. வரதட்சிணையைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. 1961-ஆம் ஆண்டில் அதைத் தடுக்கச் சட்டமே பிறந்தது. ஆனால் இந்தப் பேச்சும் சட்டமும் பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் என்ற இரு தரப்பாரின் சுமையை மட்டுமே கருதின. மூன்றாவது தரப்பார் ஒருவர் உளர். அவர்தாம் மணமக்களின் நண்பர்கள். அண்மைக் காலத்தில் இவர்கள் தலைமீது ஒரு புதிய சுமை ஏறியிருக்கிறது. அதைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சில்லை. சுமப்பவர்களும் வாய் திறப்பதில்லை. சிநேகிதனுடைய கல்யாணத்தில் கணக்குப் பார்க்கிறவன் என்ற பழிக்கு அஞ்சி மௌனம் சாதிக்கிறார்கள். ஆகவே அவர்களுக்காக நாம் பேச வேண்டியிருக்கிறது.

'பாச்சிலர் பார்ட்டி' என்று இளைஞர் வழங்கும் விருந்தையே குறிப்பிடுகிறோம். விவாகத்துக்குச் சில தினங்கள் முன்னதாக மணமகன் தன் தோழர்களுடன் கூடிக் களிப்பது அது. மணமகள் தன் தோழியருடன் கூடினால் 'பாச்சிலரெட் பார்ட்டி' என்று பெயர். பிரிட்டனில் ஆண்கள் கூடுவதற்கு ஆண்மானின் பெயரையும் பெண்கள் கூடுவதற்குப் பெட்டைக்கோழியின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். மேனாட்டில் பிறந்த இவ்வழக்கம் சினிமா வழியாகவும் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகங்கள் வழியாகவும் நம் நகரங்களில் குடியேறிவிட்டது. கல்யாணத்துக்கு முன் மூன்று நண்பர்கள் ஸ்பெயின் தேசத்தில் உல்லாசப் பயணம் செய்வதாக 2011-இல் வந்த 'ஜிந்தகி நா மிலேகி தொபாரா' என்னும் ஹிந்திப் படத்தைப் பார்க்காத பட்டணத்து வாலிபர் குறைவு. ஸ்பெயினுக்குப் போக இயலாதவர்கள் கோவாவுக்கும், அதுவும் இயலாதவர்கள் புதுச்சேரிக்கும் ஊட்டிக்கும் புறப்படுகிறார்கள்.

அந்நியர் வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தள்ள வேண்டும் என்று நாம் கூறவில்லை. அந்நியர் வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காகக் கொள்ளவும் வேண்டியதில்லை. பிரமசரியத்துக்கு விடை கொடுக்கும் வேடிக்கை நமக்கும் புதிதன்று. பிராமணக் குடும்பங்களின் கல்யாணத்தில் மணமகன் குடையும் கைத்தடியும் ஏந்தி, இல்லறம் வேண்டாமென்று காசிக்குக் கிளம்புகிறான். பெண்ணின் தகப்பனார் வழிமறித்து, பெண்ணைத் தருவதாகச் சொல்லித் திருப்பி அழைத்து வருகிறார். மணப்பெண்ணுக்கு மருதாணி இட்டு, நலங்கு வைத்து, பாட்டுப் பாடிப் பரிகாசம் செய்யும் மகளிர் கூட்டம் எத்தனையோ குலங்களில் உண்டு. மாப்பிள்ளைத் தோழன் என்ற பதவியும் நம்மிடம் பழையதே. ஆனால் ஒரு வித்தியாசம். இந்தக் களிப்பெல்லாம் வீட்டு முற்றத்திலும் தெருவிலும் நடந்தது. வந்தவர்களிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை. மொய் எழுதியவர்கூடத் தம் சக்திக்கேற்ப எழுதினார். அது நோட்டில் பதிவாயிற்று. அவர் வீட்டு விசேஷத்தில் திரும்பி வந்தது.

மேனாட்டிலும் ஆதியில் நிலைமை இப்படித்தான் இருந்தது. அமெரிக்காவில் எமிலி போஸ்ட் என்ற மாது 1922-இல் வெளியிட்ட மரியாதை முறை நூல் பிரசித்தமானது. மணமகன் தன் தோழர்களுக்கு அளிக்கும் விடைபெறு விருந்தைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். வதந்தி கூறுமளவுக்கு அது அட்டகாசமானதன்று, சாதாரணமான ஆண்கள் விருந்து போன்றதே என்பது அவர் அபிப்பிராயம். மணமகளின் நலம் கோரி அருந்தியபின், அந்தக் கிண்ணம் அதைவிடத் தாழ்ந்த காரியத்துக்குப் பயன்படலாகாது என்று உடைத்துவிடும் பழக்கத்தையும் குறிப்பிடுகிறார். இதில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று. அந்த விருந்தை அளித்தவன் மணமகன். செலவு அவனுடையது. இத்தனை வருஷம் துணை நின்றவர்களுக்கு ஒருவேளை உணவளித்து அவன் நன்றி கூறினான். இன்றோ விஷயம் தலைகீழாகிவிட்டது. ஒரு வேளை உணவு மூன்று நாள் பிரயாணமாக வளர்ந்தது. விருந்தளித்தவன் விருந்தாளியானான். நன்றி பெற வேண்டியவர்கள் பணம் கட்டுகிறார்கள்.

பணம் எவ்விதம் வசூலாகிறது? தோழர்களில் ஒருவர் காரியஸ்தராகிறார். வாட்ஸ்அப்பில் ஒரு குழு தோன்றுகிறது. இரண்டொருவர் உற்சாகமாகப் பேசி ஊரையும் ஹோட்டலையும் தீர்மானித்துவிடுகிறார்கள். மற்றவர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மையை அனுப்புகிறார்கள். மறுநாள், "தலைக்கு இவ்வளவு, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்" என்று உத்தரவு வருகிறது. கட்டைவிரலைக் காட்டியவர்களில் ஒருவன் அன்றிரவு யாரிடம் கடன் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். இது சம்மதமா? சபையில் எழுந்து மறுக்க வழியில்லாதவனுடைய மௌனத்தைச் சம்மதமென்று கொள்வது சர்க்கார்கள் செய்யும் தந்திரம். சிநேகிதர்கள் செய்யத் தக்கதன்று.

"எல்லோருக்கும் சமபங்குதானே, இதில் அநியாயம் எங்கே?" என்று கேட்கலாம். உப்பு வரியை நம் முன்னோர் ஏன் எதிர்த்தார்கள்? 1930-இல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு ஏன் நடந்தார்கள்? உப்பில்லாமல் எவனும் உண்ண முடியாது. ஆகவே கோடீசுவரன்மீதும் கூலிக்காரன்மீதும் ஒரே விகிதத்தில் விழுந்த அந்த வரி, கூலிக்காரனையே நசுக்கிற்று. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்த எட்டுப் பேர் இன்று ஒரே நிலையில் இல்லை. ஒருவன் மாதம் லட்ச ரூபாய் வாங்குகிறான். இன்னொருவன் தனியார் பள்ளியில் ஆசிரியனாக இருந்து தங்கையின் படிப்புக்குப் பணம் கட்டுகிறான். மூன்றாமவனுக்கு வேலையே இல்லை. இவர்களுக்கு விதிக்கும் சமபங்கு ஒருவனுக்கு ஒரு நாள் சம்பளம், மற்றொருவனுக்கு ஒரு மாதச் சோறு. விருந்து என்ற பெயர் சூடியதனால் வரி விருந்தாகிவிடாது.

ஆகவே இவ்விருந்தின் முதல் தருமம் இதுதான். செலவின் அளவை நிர்ணயிக்க வேண்டியது செல்வனுடைய ஆசையன்று, கூட்டத்தில் எளியவனுடைய மடிசீலை. காரியஸ்தர் ஊரைத் தீர்மானிக்குமுன் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். குழுவின் நடுவே கேட்கலாகாது. அங்கே எவனும் உண்மை சொல்லமாட்டான். தெரிவிக்கப்பட்ட தொகைகளில் மிகக் குறைந்தது எதுவோ அதற்குள் திட்டம் போடவேண்டும். அதற்கு மேல் செய்ய வேண்டுமென்று தோன்றினால், வசதியுள்ளவர் தாமாகவே, யாருக்கும் தெரியாமல் சேர்த்துக்கொள்ளட்டும். மணமகனுடைய பங்கை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வது மேனாட்டில் இன்று பெருவழக்கம். அப்படிச் செய்வதாயின் அதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். மது அருந்தாதவனை வற்புறுத்தலாகாது என்பது சொல்லாமலே விளங்கும். மற்றவர்கள் அருந்திய மதுவுக்கு அவனிடம் பணம் வாங்குவது அதனினும் கேவலம். வர இயலாதவன் "இயலாது" என்று ஒரே சொல்லில் கூறலாம். அவனைக் காரணம் கேட்கலாகாது. கல்யாணத்தில் அவனுக்குரிய இடமும் குறையலாகாது.

யாரை அழைப்பது என்பதிலும் நம் நாட்டு நிலைமை வேறு. கல்யாணத்துக்கு அழைக்கப்படாதவரை இந்த விருந்துக்கு அழைக்கலாகாது என்பது மேனாட்டு விதி. அங்கே கல்யாணத்துக்கே சிலரைத்தான் அழைக்கிறார்கள். ஆகவே அவ்விதி அங்கே பொருந்தும். இங்கேயோ பத்திரிகை ஊர் முழுவதற்கும் போகிறது. எல்லோரையும் விருந்துக்கு அழைக்க முடியாது. ஆகையால் விருந்து சிறியதாகவும் சந்தடியற்றதாகவும் இருக்கட்டும். அழைக்கப்படாத நண்பன் மறுநாள் காலையில் போட்டோக்களைக் கண்டு தான் விடப்பட்டதை அறிவது நட்புக்குச் செய்யும் துரோகம்.

இரண்டாவது தருமம், விருந்து யாருக்காகவோ அவருடைய விருப்பமே பிரதானம் என்பது. அமைதியான மணமகனை ஆட்டபாட்டத்துக்கு இழுப்பதும், கூச்சமுள்ள மணமகளுக்கு வேடம் கட்டித் தெருவில் நடத்துவதும் அன்பின் அடையாளமல்ல. நிலை தப்பியவனைப் படம் பிடித்து உலகமெல்லாம் பரப்புவது குற்றத்துக்கு ஒப்பானது. ஒருவருடைய சம்மதமின்றி அவர் படம் வெளியே போகலாகாது. கூலிக்குப் பெண்களை அழைத்து ஆடவைக்கும் விபரீதத்தையும் சிலர் மேனாட்டிலிருந்து இறக்குமதி செய்கிறார்கள். பணக்காரர் கல்யாணங்களில் சதிர் வைக்கும் ஆடம்பரத்தை எதிர்த்து 1890-களிலேயே சென்னையில் கிளர்ச்சி நடந்தது. அன்று ஆடியவர்மீது சுமத்திய பழி, பணம் கொடுத்து ஆட்டுவித்தவர்மீதன்றோ விழுந்திருக்க வேண்டும்! நாளை ஒரு பெண்ணின் கையைப் பற்றப் போகிறவன், இன்று இன்னொரு பெண்ணை விலைப்பொருளாகக் கருதலாமா?

தினத்தையும் கவனிக்க வேண்டும். மேனாட்டார்கூடக் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவில் இது வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்கள். நமக்கோ முதல் நாள் இரவில் வரவேற்பு, மறுநாள் விடியுமுன் முகூர்த்தம். தூங்காத கண்ணோடு ஹோமப் புகையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையைக் கண்டு பெண்ணின் தாயார் மனம் என்ன பாடுபடும்? குறைந்தது ஒரு வாரம் முன்னதாக நடத்துவதே முறை.

பெண்கள் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஆண்கள் குடித்துக் கூத்தாடினால் "வாலிபம், போகட்டும்" என்கிறோம். நான்கு தோழியர் மணப்பெண்ணோடு புதுச்சேரிக் கடற்கரையில் இரண்டு நாள் தங்கினால் "கலாசாரம் கெட்டது" என்கிறோம். தருமம் இரு பாலார்க்கும் ஒன்றே. ஆண் செய்தால் வேடிக்கை, பெண் செய்தால் பாவம் என்று எந்த நீதி நூலைக் கொண்டு தீர்ப்பளிக்கிறோம்? மணமான பிறகு பழைய தோழியரோடு கூடும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கே அரிதாகிறது. ஆதலால் இந்தக் கூட்டம் அவர்களுக்கே அதிகம் தகும் என்பது நம் எண்ணம்.

மூன்றாவது தருமம், விருந்து நடக்கும் ஊருக்கு நாம் படும் கடமை. ஐரோப்பிய நகரங்கள் இதில் நமக்குப் பாடம் கற்பிக்கின்றன. ஆம்ஸ்டர்டாம் நகர சபை, மது அருந்திக்கொண்டே மிதித்துச் செல்லும் பெரிய வண்டிகளை 2017-இல் நகரின் மையத்திலிருந்து விலக்கியது. 2023-இல் பிரிட்டிஷ் வாலிபர்களை நோக்கி, களியாட்டத்துக்காக வருவதாயின் வரவேண்டாம் என்றே பிரசாரம் செய்தது. 2024-இல் பிராக் நகரம், கூட்டங்கூட்டமாக மதுக்கடைக்கு மதுக்கடை அழைத்துச் செல்லும் இராப் பிரயாணங்களை இரவு 10 மணிக்குமேல் தடுத்தது. விருந்தாளியைக் கண்டு ஒரு நகரம் கதவடைக்கும்படி நடந்துகொள்வதைவிட ஒரு தேசத்துக்கு அவமானம் வேறு உண்டா? நம் மலைகளும் பாரம் தாங்காமல் தவிக்கின்றன. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை 2024 மே மாதத்தில் உயர்நீதிமன்ற உத்தரவினால் வந்தது. அங்கே வசிப்பவருக்கும் இரவில் தூக்கம் வேண்டும் என்பதை விருந்தினர் மறக்கலாகாது. உடைந்த புட்டி காட்டு யானையின் காலில் குத்தும் என்பதையும் நினைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது உயிர். குடித்துவிட்டு வாகனம் ஓட்டினால் முதல் குற்றத்துக்கே பதினாயிரம் ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறைவாசமும் விதிக்கலாம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. அபராதம் கிடக்கட்டும். கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்ட வீட்டுக்குச் சாவுச் செய்தி கொண்டுபோகும் பாவத்தை எந்த நண்பன் சுமப்பான்? மது உள்ள விருந்தாயின், வாடகை வண்டி அமர்த்துவது அல்லது இரவு அங்கேயே தங்குவது என்பதைக் காரியஸ்தர் முதலில் ஏற்பாடு செய்து, பிறகே மற்றதைப் பேச வேண்டும்.

இவற்றையெல்லாம் அனுசரித்தால் களிப்பு எங்கே மிஞ்சும் என்று சிலர் சிரிக்கலாம். பழைய தோழர் பத்துப் பேர் ஒருவன் வீட்டு மாடியில் கூடி, பிரியாணி வரவழைத்து, பள்ளிக்கூடக் கதைகளைப் பேசி, விடியும்வரை சிரித்தால் அது விருந்தல்லவா? அங்கே வேலையில்லாதவனும் வயிறு குலுங்கச் சிரிப்பான். கோவா ஹோட்டலில் அவனும் சிரிக்கிறான்; ஆனால் மனத்துக்குள் வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டு சிரிக்கிறான்.

இவ்வாண்டு கல்யாணம் செய்துகொள்ளும் வாலிபர்களுக்கும் யுவதிகளுக்கும் நாம் கூறுவது இதுவே. காரியஸ்தரை நம்பி நீங்கள் சும்மா இருக்கவேண்டாம். உங்கள் பெயரால் வசூல் நடக்கிறது. அதைத் தடுக்கும் அதிகாரமும் உங்களிடமே இருக்கிறது. உங்கள் நண்பர்களில் யார் எளியவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்: "விருந்து என்னுடையது, நீ வந்தால் போதும்."