தாளம் கொட்டியவரின் பங்கு

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே பரந்திருக்கும் சிப்காட் வளாகங்களில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செல்பேசியும் உருவாவதை நாடறியும். அதே வட்டாரத்தின் வல்லம் வடகாலில் உள்ள யமஹா இசைக்கருவித் தொழிற்சாலையிலிருந்து கீபோர்டுகளும் கிதார்களும் வெளிவருவது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. திருவிழா மெல்லிசைக் கச்சேரியிலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் ஒலிக்கும் இத்தகைய கீபோர்டுகளில் ‘ஸ்டைல்’ எனப்படும் வசதி ஒன்றுண்டு. பொத்தானை அழுத்தினால், டிரம்ஸ் வாசிப்பவர் இல்லாமலேயே தாளம் ஓடத் தொடங்கும். அவற்றுள் ‘16 பீட்’ எனக் குறிக்கப்படுவது, நான்கு அடி கொண்ட சுற்றில் ஒவ்வோர் அடியையும் நான்காகப் பகுப்பது, அதாவது கர்நாடக இசையில் சதுஸ்ர நடை எனப்படும் பகுப்பை ஒத்தது. இப்பகுப்பை உலக நடன இசையின் பொது வழக்காக்கியதில், அமெரிக்கக் கறுப்பின மக்கள் 1960களில் உருவாக்கிய ‘ஃபங்க்’ இசைக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்விசையின் ஒரு பதிவு, தாளத்தை உண்டாக்குபவர் யார், அதன் பயனை அடைபவர் யார் என்ற கேள்வியை இன்றும் விடாமல் எழுப்பிக்கொண்டிருக்கிறது.

ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ என்னும் அப்பதிவு 1969 நவம்பர் 20 அன்று சின்சினாட்டி நகரில் பதிவாகி, 1970இல் இசைத்தட்டாக வெளிவந்தது. சுற்றின் முதல் அடியில் எல்லாக் கருவிகளும் கூடி விழ வேண்டும் என்பது பிரவுனின் கண்டிப்பான விதி. நம் தாள இலக்கணம் ‘சமம்’ என்று வழங்கும் இடத்துக்கு அவர் அத்தனை அழுத்தம் கொடுத்தார். அப்பதிவின் பிற்பகுதியில் பிற கருவிகள் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் கலைஞர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் சுமார் 20 விநாடிகள் தனித்து வாசிக்கிறார். வித்தை காட்டும் தனி ஆவர்த்தனம் வேண்டாம், பிடித்த நடையையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று பிரவுன் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதும் பதிவிலேயே கேட்கிறது. ஓங்கி விழும் அடிகளுக்கிடையே, ‘கோஸ்ட் நோட்’ எனக் கலைஞர்கள் குறிப்பிடும் மென்தட்டுகள், காதுக்கு எட்டியும் எட்டாமலும், ஸ்னேர் என்னும் சிறு முரசின் தோலில் படர்கின்றன. உடலை அசைய வைப்பது ஓங்கிய அடியன்று, இம்மென்தட்டுகளே என்பதைக் கூர்ந்து கேட்பவர் உணர்வர்.

இந்நடை ஓரளவு தொழிற்சாலையிலிருந்தே பிறந்தது என்பது இவ்வட்டாரத்துக்கு உரிமையுள்ள செய்தி. டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் 1943இல் பிறந்த ஸ்டபிள்ஃபீல்ட், ஊரிலிருந்த ஆலை ஒன்று காற்றை வெளியேற்றும் ஓசையும், அது மலையில் மோதித் திரும்பும் எதிரொலியும், ரயில்களின் தடதடப்புமே தம் முதல் தாளப் பாடங்கள் என்று நேர்காணல்களில் கூறியிருக்கிறார். அச்சட்டனூகாவில் இன்று ஃபோக்ஸ்வாகன் கார் ஆலை இயங்குகிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஷிப்டுக்கு ஷிப்ட் பிரஸ் இயந்திரங்களின் ஓசைக்கு நடுவே நிற்கும் இளைஞர்களின் காதுகளிலும் ஒரு நடை படிந்துகொண்டிருக்கும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.

1980களில் ‘சாம்பிளர்’ கருவிகள், அதாவது பழைய பதிவிலிருந்து ஒரு துணுக்கை வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிடும் கருவிகள், பரவியபோது ராப் இசைஞர்கள் அந்த 20 விநாடிகளைக் கண்டெடுத்தனர். பப்ளிக் எனிமி குழு 1989இல் வெளியிட்ட ‘ஃபைட் த பவர்’ உள்ளிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் அத்துணுக்கு இடம்பெற்றதாக மதிப்பிடப்படுகிறது. ஆனால் பாடலின் ஆசிரியராகப் பதிவானது பிரவுனின் பெயர் மட்டுமே. மெட்டும் சொல்லும் சொத்து, தாளம் வெறும் உழைப்பு என்று கருதிய வழக்கத்தால், 2017இல் மறைந்த ஸ்டபிள்ஃபீல்டுக்கு அம்மறுபயன்பாடுகளிலிருந்து ராயல்டி, அதாவது உரிமைத்தொகை, வந்து சேரவில்லை.

தமிழ்த் திரையிசைக்கும் இக்கேள்வி அந்நியமன்று. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ வழியாக ராப் தமிழ்நாட்டின் தெருமுனைகளுக்கு வந்தது; 2003இல் பிளாக் ஐட் பீஸ் குழு, ஃபங்கைத் தலைப்பிலேயே தாங்கிய ‘எலிஃபங்க்’ தொகுப்பின் கருப்பொருள் பாடலுக்கு, இளையராஜா ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ (1985) படத்துக்கு இசையமைத்த பாடலிலிருந்து துணுக்கெடுத்தது; ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எம்.ஐ.ஏ., 2007இல் வெளிவந்த ‘கலா’ தொகுப்புக்காகச் சென்னையில் உறுமிக் கலைஞர்களின் வாசிப்பைப் பதிவு செய்தார். இசையமைப்பாளரின் உரிமை குறித்து நம் நீதிமன்றங்களிலும் ஊடகங்களிலும் நடக்கும் விவாதம் தேவையானதே. அதில், இளையராஜாவின் பாடல்களுக்கு நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் போன்றோரின் பங்கு அரிதாகவே எழுகிறது என்பதுதான் குறை.

சட்டம் ஓரளவு வழி திறந்திருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஏ பிரிவு, தம் நிகழ்த்துதல் திரைப்படத்தில் சேர ஒப்புக்கொண்ட கலைஞருக்கும் வணிகப் பயன்பாட்டுக்கான உரிமைத்தொகை உண்டு என்கிறது. ஆயினும் ‘நிகழ்த்துநர்’ என்பதற்கான வரையறையில் அதே திருத்தம் ஒரு விலக்கையும் சேர்த்தது: திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிக்கப்படாவிட்டால், அவர் பெரும்பாலான உரிமைகளுக்கு நிகழ்த்துநராகக் கருதப்படார். பாட்டின் முதுகெலும்பாக நிற்கும் தாளத்தைத் தற்செயலானது என்று எவரும் வாதிட இயலாது. ஆனால் பெயரே இல்லாத ஒருவர் எதை வைத்து வழக்காடுவார்? டைட்டிலில் ஒரு வரி என்பது பெருமைக்குரிய அலங்காரம் மட்டுமன்று, உரிமையின் முதல் சான்று. எனவே, இணையவழி விற்கப்படும் ஒவ்வொரு பாட்டின் விவரக் குறிப்பிலும் டிரம்ஸ், தபலா, பறை, உறுமி வாசித்தவர்களின் பெயர்களை இசை நிறுவனங்கள் சேர்க்க வேண்டும். 1970, 80களின் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்த மூத்த கலைஞர்கள் இருக்கும்போதே, எந்தப் பாட்டில் எவர் கை விழுந்தது என்று அவர்களிடமே கேட்டு எழுதிவைக்கும் பணியைத் திரைப்பட இசைக் கலைஞர்களின் சங்கமும் பல்கலைக்கழக இசைத்துறைகளும் இனியும் தள்ளிப்போடாமல் தொடங்க வேண்டும்.