வாயில்லா யந்திரத்தின் நாடி

ஓசூருக்கு அடுத்த மத்திகிரியில் கால்நடைப் பண்ணை ஒன்று இருக்கிறது. கம்பெனி ஆட்சிக் காலத்தில், 1824-ஆம் ஆண்டில் ஏற்பட்டது அது. வாயில்லாப் பிராணிக்கு வைத்தியம் செய்வது எத்தனை கடினம் என்பதை அங்குள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பசு தன் வயிற்று வலியை எடுத்துரைக்காது. வைத்தியர்தான் கண்டறிய வேண்டும்.

ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் அடங்கிய அந்த ஓசூர் வட்டாரத்தில் இன்று வேறு வகை வாயில்லா ஜீவன்கள் பெருகியிருக்கின்றன. நாடு விடுதலை பெற்ற மறு வருஷம், 1948-இல், அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தோன்றிய ஸ்தாபனம், பின்னர் அசோக் லேலண்ட் ஆகி, 1980-இல் ஓசூரில் தொழிற்சாலை கண்டது. லாரிகள் அங்கே பிறக்கின்றன. பிற ஊர்களில் பிறந்த லாரிகளோ, கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஆயிரம் அடிக்கு மேல் உயரம் ஏறி, பாரத்தோடு முனகிக்கொண்டு கர்நாடக எல்லையை நோக்கிப் போகின்றன.

அந்த ஏற்றத்தில் ஒரு லாரியின் என்ஜின் இறுகி நின்றுவிட்டால் என்ன ஆகிறது? கடன் வாங்கி வண்டி வாங்கியவருக்கு மாதத் தவணை நிற்பதில்லை. சரக்குக்கு உரியவர் கோபிக்கிறார். முடிவில் பழி முழுவதும் ஓட்டுநர் தலையில் விழுகிறது. 'நீ ஓட்டிய விதம் சரியில்லை' என்கிறார்கள். இல்லை என்று நிரூபிக்க அவரிடம் சாட்சி ஏது?

சாட்சி இருக்கிறது, என்ஜினுக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் எண்ணெய். உடல் முழுவதும் சுற்றிவரும் ரத்தத்தைப் போல், என்ஜினின் ஒவ்வொரு மூட்டையும் தொட்டு வருவது அது. எந்த இடம் தேய்கிறதோ அந்த இடத்து உலோகத் துகளைத் தன்னோடு சுமந்து வருகிறது. நமது மெக்கானிக்குகள் அளவுகோலை உருவி, எண்ணெயை விரலிடையே தேய்த்து, முகர்ந்து பார்ப்பது இந்த உண்மையை அறிந்துதான். விரலுக்குத் தெரியாததை ரசாயனசாலை தெரிந்து சொல்கிறது, வித்தியாசம் அவ்வளவே.

அங்கே செய்வது என்ன? எண்ணெயில் சிறிதளவை மின்பொறியில் எரிக்கிறார்கள். ஒவ்வொரு மூலப்பொருளும் அப்போது தனக்கே உரிய நிறத்தில் ஒளி வீசும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்து, பத்து லட்சம் பங்கில் இரும்பு எத்தனை, செம்பு எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். இரும்பு மிகுந்தால் பெரும்பாலும் சிலிண்டர் தேய்கிறது. அலுமினியம் என்றால் பிஸ்டன். குரோமியம் என்றால் பிஸ்டன் வளையம். செம்பும் ஈயமும் சேர்ந்து ஏறினால் பேரிங். சோடியம் தென்பட்டால், குளிர்விக்கும் நீர் எண்ணெயில் கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் நீர்த்துப்போயிருந்தால் டீசல் கலந்திருக்கலாம். தடித்திருந்தால் கரி சேர்ந்திருக்கும், அல்லது எண்ணெய் முதுமை எய்தியிருக்கும்.

கிருஷ்ணகிரிச் சீமைக்கு மிகவும் பொருத்தமான பொருள் ஒன்று உண்டு: சிலிக்கன். இங்கே கருங்கல் குவாரிகள் ஏராளம். கல் அறுக்கும் தூளில் சிலிக்கன் நிறைந்திருக்கிறது. காற்று வடிகட்டியிலோ அதன் ரப்பர்க் குழாயிலோ சிறு கிழிசல் இருந்தாலும், அந்தத் தூள் உள்ளே புகுந்து உப்புக் காகிதம் போல் சிலிண்டரை உராய்ந்துவிடும். அறிக்கையில் சிலிக்கனும் இரும்பும் குரோமியமும் ஒன்றாக ஏறினால் கதை விளங்கிவிடும். உடனே குழாயை மாற்றினால் சொற்பச் செலவு. மாற்றாவிட்டால் என்ஜினையே பிரித்துப் போட வேண்டிய செலவு!

இது புத்தம் புதிய வித்தை என்று எண்ண வேண்டாம். ராக்கி மலைகளில் ஓடிய டென்வர்–ரியோ கிராண்ட் என்னும் அமெரிக்க ரயில்வே 1946-லேயே தன் டீசல் என்ஜின்களின் நோயை இவ்விதம் கண்டுபிடித்தது. மலை ஏற்றம் அவர்களுக்கும் ஆசிரியராக இருந்தது போலும்! நமது ரயில்வேக்களின் டீசல் ஷெட்டுகளிலும் பரிசோதனைச் சாலை வைத்து எண்ணெயைச் சோதிப்பது நெடுநாளைய வழக்கம்.

ஆயினும் எண்ணெய்ச் சோதனையை மந்திரம் என்று நம்புவதும் தவறு. ஒரே ஒரு அறிக்கை அதிகம் சொல்லாது. மூன்று நான்கு தடவை எடுத்து, எண்கள் ஏறுகின்றனவா என்று ஒப்பிட வேண்டும். பெரிய துகள்கள் இந்த ஒளிப் பரீட்சைக்குச் சரிவர அகப்படுவதில்லை. அவற்றுக்கு வேறு முறைகள் உண்டு. திடீரென்று ஒரு பாகம் முறிவதையும் இது முன்கூட்டி அறிவிக்காது. மாதிரி எடுப்பதிலும் பக்குவம் வேண்டும். என்ஜின் ஓடிச் சூடாக இருக்கையில், சுத்தமான புட்டியில், முதலில் விழுவதையும் கடைசி வண்டலையும் விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இடையே எவ்வளவு புது எண்ணெய் ஊற்றியது என்பதையும் எழுதி அனுப்ப வேண்டும். ஊற்றியதை மறைத்தால் எண்கள் குறைந்து பொய் சொல்லும்.

வீட்டுச் சிறு காருக்கு இத்தனை ஏற்பாடு அவசியமில்லை. காலத்தில் எண்ணெய் மாற்றினாலே போதும். லாரிகள், பஸ்கள், குவாரி யந்திரங்கள், ஆஸ்பத்திரிகளில் மின்சாரம் நின்றால் உயிர் காக்கும் ஜெனரேட்டர்கள் ஆகியவற்றுக்கே இது இன்றியமையாதது.

யந்திரங்களை நாமே செய்யக் கற்றுக்கொண்டோம், அது பெருமைதான். செய்ததைப் பேணக் கற்பதும் சுதேசியத்தில் சேர்ந்ததே. லாரி உரிமையாளர் சங்கங்களும் அப்பகுதிப் பாலிடெக்னிக்குகளும் கைகோத்து, சிறு முதலாளிக்கும் கட்டுப்படியாகும் கட்டணத்தில் இச்சோதனைக்கு வழி செய்யலாம். செய்தால் என்ஜினின் ஆயுள் நீளும். வடிகட்டியின் கிழிசலுக்காக ஓட்டுநரின் கூலியைப் பிடிக்கும் அநியாயமும் குறையும்.