சாதி கேட்காத கடன், சொத்து கேட்கிறது

“இங்கே பேங்க் மேனேஜர் கிடையாது. எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு போன் போதும்.” டிஃபை எனப்படும் மையமற்ற நிதி பற்றி நம் இளைஞர்களின் கைக்கு வரும் வீடியோக்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. காலனி முகவரியைப் பார்த்ததும் கடன் மனுவை ஓரமாகத் தள்ளுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எப்படிக் கேட்கும் என்று நமக்குத் தெரியும்.

அவர்கள் சொல்வது பொய்யல்ல. எத்தீரியத்தில் ஓடும் நிரலுக்கு நம் பெயரும் தெரியாது, சாதியும் தெரியாது. ஆனால் ஆளைத் தெரியாததால்தான் அது அடமானத்தை மட்டும் நம்புகிறது. 2017இல் மேக்கர்டாவ் தொடங்கியபோது 100 டாலர் கடனுக்குக் குறைந்தது 150 டாலர் மதிப்புள்ள ஈதரைப் பூட்டி வைக்க வேண்டும். ஈதர் விலை சரிந்து அந்த அளவுக்குக் கீழே போனால் நிரலே அதை விற்றுவிடும். நோட்டீஸ் கிடையாது, காலில் விழுந்தாலும் தவணை கிடையாது. நம் ஊர் அடகுக் கடையின் கணக்கேதான் இது. அடகுக்காரராவது ஒரு வாரம் பொறுப்பார். தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர்களிடம் “முதலில் சொத்தை வை” என்று சொல்லும் ஏற்பாட்டை எல்லோருக்கும் திறந்த கதவு என்கிறார்கள். சாதியைக் கேட்காமலே சாதி உண்டாக்கிய கணக்கை அது கேட்டுவிடுகிறது.

புதிதாக வருபவர்களுக்கான எந்தப் பாடமும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்கிறோம். இப்போது நல்ல பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் மலிந்து கிடப்பவை ரெஃபரல் லிங்க் ஒட்டிய வீடியோக்கள். நாம் சேர்ந்தால் சொல்லிக் கொடுத்தவருக்குக் கமிஷன். அந்த வாத்தியார் ஆபத்தைப் பற்றி எவ்வளவு பேசுவார்?

“வட்டி எங்கிருந்து வருகிறது?” என்பது அந்த வீடியோக்களில் வராத கேள்வி. டெரா வலையமைப்பின் ஆங்கர் திட்டம் டாலருக்கு இணையானதாகச் சொல்லப்பட்ட நாணயத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 20 சதவீதம் தந்தது. 2022 மே மாதம் சில நாட்களில் அந்த நாணயமே மண்ணாகிப் போனது. ஈமு கோழியில் பணம் போட்ட கொங்குப் பகுதிக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

வாலட்டின் 12 சொற்களைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும், எவன் கேட்டாலும், ‘கஸ்டமர் கேர்’ என்று சொல்லிக் கேட்டாலும், தரக் கூடாது. ‘அப்ரூவ்’ பொத்தானை அழுத்துவது நம் வாலட்டிலிருந்து டோக்கனை எடுக்க நிரலுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். வரி இன்னொன்று: 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம், ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. இதையெல்லாம் ஒரு ரூபாய்கூடப் போடாமல் பழகலாம். செபோலியா போன்ற சோதனை வலையமைப்புகளில் புழங்கும் நாணயத்துக்கு மதிப்பே இல்லை; தொலைந்தாலும் போகட்டும்.

“இதெல்லாம் நமக்கு எதற்கு?” என்று கேட்கும் தோழர்களும் இருக்கிறார்கள். கந்துவட்டியும் மைக்ரோ ஃபைனான்ஸும் கழுத்தை நெரிக்கும்போது கிரிப்டோவா என்ற கோபம் நியாயமானது. ஆனால் 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதியவர் நம் அண்ணல். பணம் எப்படி இயங்குகிறது என்று படிப்பது நம் வேலை இல்லை என்பதை நாம் ஏற்க முடியாது. நாம் சொல்லிக் கொடுக்காவிட்டால் லிங்க் விற்பவன் சொல்லிக் கொடுப்பான்.

டிஎன்பிஎஸ்சி வகுப்பு நடக்கும் நம் மாலை நேரப் படிப்பகங்களில் இதற்கு மாதத்தில் இரண்டு மாலை ஒதுக்கலாம். கணினி படித்த நம் பிள்ளைகளே நடத்தட்டும். ஒரே நிபந்தனை: பாடம் எடுப்பவர் யாருக்கும் எந்த லிங்க்கும் அனுப்பக் கூடாது, யாரிடமிருந்தும் பணம் வாங்கிப் போட்டுத் தரவும் கூடாது.