கோமகனின் தரவை

ஸ்கொத்லாந்தின் தென் எல்லைக்கு அண்மையில், எஸ்க், யூஸ், வோக்கோப் என்னும் மூன்று ஆறுகள் வந்து கூடுமிடத்தில் லாங்ஹோம் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கு வாழ்பவர் 2,000 பேருக்குச் சற்று மேல். ஆண்டுதோறும் யூலை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமையன்று அவ்வூரவர் குதிரையேறித் தம் பொது நிலத்தின் எல்லையைச் சுற்றி வருவர். அந்நிலம் பற்றிய வழக்கொன்று 1759ஆம் ஆண்டில் நீதிமன்றத்திலே தீர்ந்தது. அன்று தொட்டு, எல்லை அடையாளங்கள் பிசகாதிருக்கின்றனவா என்று ஆண்டுக்கொரு முறை போய்ப் பார்ப்பது ஊரின் கடமையாயிற்று. ஊர்வலத்தில் மண்வெட்டியொன்றும் செல்லும். அதனாலே எல்லையில் புற்றரையை வெட்டி அடையாளமிடுவர். உப்பிட்ட மீனொன்றை பார்லி ரொட்டியின்மேல் ஆணியால் அறைந்து தூக்கிச் செல்வதுமுண்டு. அதன் காரணத்தை ஆராயப் புகுந்தால் இந்தப் பத்தி போதாது!

இத்துணை அக்கறையோடு அவர்கள் காத்து வந்தது சிறியதொரு நிலத்தையே. ஊரைச் சூழ்ந்த பெருந்தரவை பக்ளூ கோமகனின் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்தது. 2019ஆம் ஆண்டில் அதில் ஏறத்தாழ 25,000 ஏக்கர் விற்பனைக்கு வந்தது. ஊருக்குச் சோறு போட்ட நெசவாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டிருந்த காலம் அது. வாங்க வருபவர் யார்? தரவை முழுவதும் ஊசியிலை மரங்களை நிரை நிரையாக நட்டு, வளர்ந்ததும் வெட்டி விற்கும் கம்பனியொன்று வந்தால் யார் தடுப்பது?

தரவை என்றதும் வெறும் பாழ்நிலம் என்று எண்ணிவிடாதீர்கள். ஹெதர் என்னும் குறுஞ்செடி அங்கே கோடை முடிவில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும். அச்செடிகளின் நடுவே, நிலத்திலேயே கூடு கட்டும் பூனைப்பருந்து இனமொன்றுண்டு. ஆண் சாம்பல் நிறம். பெண் கபில நிறம். ஆண் இரையோடு வரும்போது பெண் கூட்டை விட்டெழுந்து, வானத்திலே தலைகீழாகப் புரண்டு, அவன் நழுவவிடும் இரையைக் கால்களால் ஏந்திக்கொள்ளும். இப்பறவை பிரித்தானியாவில் அருகிவிட்டது. பணம் படைத்தோர் சுட்டு விளையாடும் குரவுஸ் என்னும் காட்டுக்கோழியின் குஞ்சுகளை இது தின்னும். அதுவே இதன்மேல் வந்த பகை. 1992 முதல் 1997 வரை இதே தரவையில் நடந்த ஆராய்ச்சியில், பாதுகாப்புக் கிடைத்தமையால் பருந்து பெருகியது, வேட்டைக்கோழி குறைந்தது. பின்னர் 2008 முதல் பத்தாண்டு காலம் இரண்டையும் ஒருங்கே வாழவைக்க முயன்றும், வேட்டைத் தொழில் அங்கு மீளவில்லை. ஆகவேதான் நிலம் விலைக்கு வந்தது.

ஊரிலே 1994ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த பொதுநல நிறுவனமொன்று, நாமே வாங்கினால் என்ன என்று கேட்டது. பைத்தியக்காரத்தனம் என்று சிலருக்குப் பட்டிருக்கலாம். ஆனால் ஸ்கொத்லாந்தில் இது முதல் முயற்சியன்று. 1993இல் அசின்ட் என்னுமிடத்துச் சிறு குடியானவர்கள் ஏறத்தாழ 21,000 ஏக்கரை மூன்று இலட்சம் பவுணுக்கு வாங்கினர். 1997இல் எய்க் தீவினர் தம் தீவையே வாங்கினர். பின்பு, நிலம் விற்கப்படும்போது ஊரவருக்கு முன்னுரிமை கிடைக்க வழிசெய்யும் சட்டம் 2003இல் வந்தது.

லாங்ஹோம் நிறுவனம் 10,000 ஏக்கருக்கு மேல் கேட்டது. அதற்குச் சுமார் 60 இலட்சம் பவுண் வேண்டும். அரசாங்கத்தின் நில நிதி பத்து இலட்சம் வழங்கியது. அறநிறுவனங்கள் உதவின, ஆயிரக்கணக்கான தனியார், அவ்வூரைக் கண்ணாலும் காணாதவர்கள் உட்பட, தம்மால் இயன்றதை அனுப்பினர். எனினும் 2020இல் குறித்த தவணைக்குள் முழுத்தொகை சேரவில்லை. பாதி நிலத்தையாவது தாருங்கள் என்று பேச்சு நடந்தது. கோமகன் தரப்பினர் இணங்கி, மறுபாதியை வேறெவருக்கும் விற்காது பொறுத்திருந்தனர் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 2021 மார்ச்சில் 5,200 ஏக்கரும் ஆறு வீடுகளும் 38 இலட்சம் பவுணுக்கு ஊரவர் கைக்கு வந்தன. 2022இல், எஞ்சிய 5,300 ஏக்கருக்கான 22 இலட்சமும் தவணை முடியுமுன் சேர்ந்தது.

இந்த ஏற்பாட்டில் நிலம் தனியொருவர் பெயரில் இல்லை. பங்கு பிரித்து எவரும் தம் பாகத்தை விற்கவும் முடியாது. நிறுவனம் அதை ஊரின் பொருட்டு வைத்திருக்கிறது. ஆனால் வாங்கியவுடன் கவலை தீர்ந்ததென்றில்லை. வேலி, வாகனம், காவலர் சம்பளம் யாவற்றுக்கும் பணம் வேண்டும். நன்கொடையாளர் நிலம் வாங்கத் தரும் உற்சாகத்தோடு வேலி திருத்தத் தருவதில்லை. ஊருக்கு வேலை தரும் இயற்கைக் காப்பகமாக இது தலையெடுக்குமா என்பதே இனிப் பார்க்கவேண்டியது.

மீட்கும் வேலையும் மெதுவானதே. ஆற்றங்கரைகளில் அம்மண்ணுக்குரிய மரங்களை வளரவிடுகின்றனர். அதைவிடப் பெரிய வேலை முற்றா நிலக்கரியைப் பற்றியது. நீர் ஊறிய மேட்டிலே பாசி முழுதாக உக்காமல் அடுக்கடுக்காய்ப் படிவதால் உண்டாவது இது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் அது உலர்ந்து, தன்னுள் வைத்திருந்த கரியை வாயுவாக வானில் விட்டுவிடும். வாய்க்காலை அடைத்தால் நீர் மீண்டும் ஊறும், பாசி திரும்பும். முன்னோர் அடுப்பெரிக்க இக்கரியை வெட்டும் உரிமையையும் தம் பொது நிலத்தில் காத்து வந்தார்கள். பேரப்பிள்ளைகளோ அதை வெட்டாமல் வைத்திருக்கப் பாடுபடுகிறார்கள்.

அது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே வளரும். 1759இல் வழக்குத் தீர்ந்த நாளிலிருந்து இன்றுவரை படிந்திருக்கக்கூடியது ஒரு சாணுக்குச் சற்று மேல்.