“பொருந்தும்” என்கிறார் விற்பவர்

1858 ஆம் ஆண்டின் பெயரால் அறியப்படும் ரெமிங்ரன் சுழல் துப்பாக்கியின் இத்தாலியப் பிரதிகளுக்கு மாற்று உருளைகள் விற்பனையாகின்றன. வாங்கிப் பூட்டினாற் போதும் என்பது விற்பவர் வாக்கு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. உபெர்ற்றியின் உருளை பியெற்றா துப்பாக்கிக்குப் பொதுவாகப் பொருந்துவதில்லை. ஒரே நிறுவனத்தினதுகூடச் சிலவேளை முரண்டு பிடிக்கும்.

சுத்தியலைப் பின்னிழுக்கையில் ஒரு நெம்பு உருளையைச் சுழற்ற, கீழிருந்து எழும் தாழ் அதன் பள்ளத்தில் விழுந்து பூட்டவேண்டும். பிந்தினால் அறை குழாய்க்கு நேரே நில்லாது. ஈயக்குண்டின் விளிம்பு சீவப்பட்டு அருகில் நிற்பவர்மீது தெறிக்கும். கண் போனால் போனதுதான்.

1853 இல் இலண்டனில் தொழிற்சாலை திறந்த கோல்ற், இயந்திரத்தால் உறுப்புகள் செய்வதைப் பெருமையாகப் பேசியவர். ஆயினும் அவருடைய துப்பாக்கியின் உறுப்புகளில் ஒரே தொடரிலக்கம் பொறிக்கப்பட்டது ஏன்? அரத்தால் இராவிப் பொருத்தியவை கலந்துவிடக் கூடாதென்றுதானே!

ஆகவே, மருந்திடுமுன் வெற்றுத் துப்பாக்கியில் ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பதே முறை. இராவ நேர்ந்தால் விலை குறைந்த நெம்பையே இராவவேண்டும், உருளையை அன்று. ஆனால் குறைத்த நெம்புடன் பழைய உருளை பிந்தக்கூடும். அதற்கென வேறொரு நெம்பை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.