பதினேழு சதவீதமும் இருபத்து நான்கு பிட்டும்

குறுவை விவசாயி நாலு மாதம் பட்ட பாட்டுக்குக் கடைசியில் தீர்ப்பு எழுதுபவை இரண்டு சின்ன டிஸ்ப்ளேக்கள். ஒன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கும் மெஷின். இன்னொன்று எலக்ட்ரானிக் தராசு. முதல் டிஸ்ப்ளே 17-க்கு மேல் காட்டினால் நெல் திரும்பக் களத்துக்குப் போக வேண்டும். இரண்டாவது டிஸ்ப்ளே என்ன காட்டுகிறதோ அதற்குத்தான் பணம்.

இந்த இரண்டு பெட்டிக்குள்ளும் ஒரே வேலையைச் செய்யும் ஒரு சில்லு உண்டு. அனலாக்-டு-டிஜிட்டல் கன்வெர்ட்டர், சுருக்கமாக ஏ.டி.சி. உலகத்தில் எடை, ஈரம், வெப்பம் எல்லாமே வழுக்கிக்கொண்டு ஏறி இறங்குபவை. அவற்றை வோல்டேஜாக மாற்றி, அந்த வோல்டேஜை எண்ணாக மாற்றுவது இந்தச் சில்லின் பிழைப்பு. நெல் கொள்முதல் பற்றி டீக்கடை முதல் சட்டசபை வரை பேசுகிறார்கள். ஆனால் அந்த எண் எப்படிப் பிறக்கிறது, அது எவ்வளவு நம்பகமானது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

முதலில் பணக் கணக்கு. 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழக அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாய். கூட்டினால் 2,500. ஒரு சிப்பம் 40 கிலோ என்பதால் சிப்பம் சரியாக ஆயிரம் ரூபாய், கிலோ 25 ரூபாய், 40 கிராம் ஒரு ரூபாய். மனக்கணக்குக்கு ரொம்ப வசதி!

இப்போது தராசுக்குள் எட்டிப் பார்க்கலாம். தட்டுக்கு அடியில் லோடு செல் என்ற உலோகக் கட்டை இருக்கிறது. எடை ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதில் ஒட்டிய மெல்லிய கம்பிகளின் மின்தடை மாறும். பொதுவாகக் கிடைக்கும் லோடு செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழு எடையில் அது திருப்பித் தருவது 10 மில்லிவோல்ட் மட்டுமே. 100 கிலோ தராசு என்று வைத்துக்கொண்டால், 40 கிலோ சிப்பத்துக்கு 4 மில்லிவோல்ட். 10 கிராமுக்கு ஒரு மைக்ரோவோல்ட், அதாவது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

கல்லூரி புராஜெக்ட்டுகளில் அடிபடும் சாதாரண மைக்ரோகன்ட்ரோலருக்குள் இருப்பது 10 பிட் ஏ.டி.சி. அது 5 வோல்ட்டை 1,024 படிகளாக வெட்டும். ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். நேராக அதில் லோடு செல்லை மாட்டினால், ஒரு நெல் மூட்டை ஒரு படிக்குக்கூடத் தேறாது. மூட்டை இருக்கிறதா இல்லையா என்றே அதற்குத் தெரியாது :-)

அதனால்தான் தராசுகளில் 24 பிட் ஏ.டி.சி. வந்தது. சிக்னலைப் பெருக்கிக்கொண்டு 1,67,77,216 படிகளாக வெட்டும். விலை மலிவான தராசுகளில் உலகம் முழுக்கப் புழங்கும் எச்.எக்ஸ்.711 என்ற சீனச் சில்லும் இந்த ரகம்தான். இந்த எண்ணைக் கேட்டதும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பிரமிப்பு. ஒன்றே முக்கால் கோடிக்குப் பக்கத்தில் படிகள் என்றால் தப்பு எங்கே வரப்போகிறது?

இங்கேதான் ஏமாற வேண்டாம். படி எத்தனை என்பது ஒரு விஷயம், அளவு சரியா என்பது வேறு விஷயம். ஸ்கேலில் மில்லிமீட்டருக்குப் பத்து கோடு போட்டுவிடலாம். ஆனால் ஸ்கேலே வெயிலில் நீண்டிருந்தால் அத்தனை கோடும் சேர்ந்து தப்பாகத்தான் சொல்லும், அதுவும் மூன்று தசமத்துக்குத் துல்லியமாக! 24 பிட்டில் கடைசிச் சில பிட்டுகள் எப்போதும் சத்தத்தில் ஆடிக்கொண்டிருக்கும். அதற்கு முந்தைய பிட்டுகளை நம்பலாமா என்பது சில்லைச் சுற்றி இருக்கும் டிசைனைப் பொறுத்தது.

அந்த டிசைனில் முதல் கேள்வி, எதனோடு ஒப்பிட்டு அளக்கிறது என்பது. ஏ.டி.சி. தனியாக எதையும் அளப்பதில்லை. தெரிந்த ஒரு வோல்டேஜோடு தெரியாததை ஒப்பிடுகிறது. அந்தத் தெரிந்த வோல்டேஜுக்கு ரெஃபரன்ஸ் என்று பெயர். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயிலுக்கு வர வேண்டிய நெல்லைச் சொல்லும்போது வெறுமனே இத்தனை கலம் என்று விடவில்லை, ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்று அளவையின் பெயரையும் வெட்டி வைத்தார்கள். மரக்கால் எது என்று சொல்லாமல் கலத்தை மட்டும் சொன்னால் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஊர்ப்பக்கம் கரண்ட் ஏறி இறங்கும், பேட்டரி சாயங்காலத்தில் சோர்ந்துபோகும். லோடு செல்லுக்குப் போகும் வோல்டேஜ் குறைந்தால் சிக்னலும் குறையும். நல்ல டிசைனில் இதற்கு ஓர் எளிய தந்திரம் வைத்திருப்பார்கள். லோடு செல்லுக்குக் கொடுக்கும் அதே வோல்டேஜையே ஏ.டி.சி.க்கும் ரெஃபரன்ஸாகக் கொடுத்துவிடுவது. இரண்டும் சேர்ந்தே இறங்குவதால் விகிதம் மாறாது, எடையும் மாறாது. தனி ரெஃபரன்ஸ் வைத்த மலிவு சர்க்யூட் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்லும்.

அடுத்தது வெப்பம். செம்பும் வேறொரு உலோகமும் சேரும் இடங்களில், ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருந்தால், டிகிரிக்குச் சில மைக்ரோவோல்ட் தானாகவே உண்டாகும். ஒரு மைக்ரோவோல்ட் 10 கிராம் என்பதை மறக்க வேண்டாம். திறந்த களத்தில் காலை பத்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் எவ்வளவு வித்தியாசம்! இதற்கும் வைத்தியம் உண்டு. வோல்டேஜைத் திசை மாற்றி இரண்டு முறை அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாதியாக்கினால் இந்தத் திருட்டு வோல்டேஜ் அடிபட்டுப் போகும். மின்கம்பி இரைச்சலுக்கு, நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பத்தில் ஒரு வினாடி முழுக்கச் சராசரி எடுத்தால் சரியாக ஐந்து அலைகள் அடங்கி, மேலும் கீழும் கழிந்துவிடும். தராசில் மூட்டையை வைத்ததும் எண் நிற்கச் சற்றுத் தாமதம் ஆவதில் இதற்கும் பங்கு உண்டு. அந்தத் தாமதம் நல்லதுதான், அவசரப்படுத்தாமல் இருந்தால்.

சராசரி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. வணிகவியல் படிக்கும் யாருக்கும் இது சட்டென்று விளங்கும். லெட்ஜரில் கூட்டல் பிழைகள் இரண்டு வகை. சில சமயம் கூடுதல், சில சமயம் குறைவு என்று வருவது கவனக்குறைவு. எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஆடிட்டர் நிமிர்ந்து உட்காருவார். ஒரு நிலையத்தில் ஒரு நாளைக்கு 1,000 சிப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 100 கிராம் அளவுக்கு இப்படியும் அப்படியும் தாறுமாறாகப் பிழை வந்தால், நாள் முடிவில் மொத்தத்தில் நிற்பது சுமார் 3 கிலோ. அதே 100 கிராம் எல்லாச் சிப்பத்திலும் ஒரே பக்கம் சாய்ந்தால் 100 கிலோ, 2,500 ரூபாய். பிட்டைக் கூட்டுவதும் சராசரி எடுப்பதும் முதல் வகைப் பிழையைத்தான் குறைக்கும். இரண்டாவது வகைக்கு ஒரே மருந்து, தெரிந்த எடையை வைத்துச் சரிபார்ப்பது.

எடை மோசமா, ஈரம் மோசமா என்றால் ஈரம்தான். எடையில் தப்பு வந்தால் சில ரூபாய் போகும். ஈரத்தில் தப்பு வந்தால் நெல்லே திரும்பிவிடும்.

ஈரப்பதம் பார்க்கும் மெஷின்களில் பல, நெல்லை ஒரு கெப்பாசிட்டருக்குள் கொட்டி அளப்பவை. தண்ணீரின் மின்காப்பு மாறிலி 80-க்குப் பக்கம், உலர்ந்த தானியத்துக்கு அது சில எண்களே. அதனால் ஈரம் ஏற ஏறக் கெப்பாசிட்டன்ஸ் ஏறும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த மெஷின் தண்ணீரை நேராகப் பார்க்கவில்லை, கெப்பாசிட்டன்ஸைப் பார்த்து ஈரத்தை ஊகிக்கிறது. நெல் சூடாக இருந்தால் ஊகம் மாறும். இறுக்கமாக விழுந்தால் மாறும். பனி இறங்கி மேல்தோல் மட்டும் நனைந்திருந்தால் மாறும். ரகம் மாறினாலும் மாறும். சன்னமான ஆடுதுறை 43-ம் குண்டான சி.ஆர். 1009-ம் கிண்ணத்தில் ஒரே மாதிரி அடுங்குமா என்ன? ஏ.டி.சி. எத்தனை பிட்டாக இருந்தாலும், அதன் பின்னால் இருக்கும் அட்டவணை வேறு நெல்லுக்குப் போட்டதாக இருந்தால் பிரயோஜனமில்லை.

ஒரு சதவீத ஈரம் என்பது என்ன மதிப்பு? 40 கிலோ நெல்லில் 18 சதவீதத்தை 17 ஆக்கினால் குறைவது கிட்டத்தட்ட 480 கிராம் தண்ணீர். பணத்தில் 12 ரூபாய். ஆனால் 17 என்பது கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆயிரம் ரூபாய், அந்தப் பக்கம் ரோட்டில் கொட்டி உலர்த்தும் கூலி, தார்ப்பாய், ராத்திரிக் காவல், வடகிழக்குப் பருவமழை. குறுவை அறுவடையும் மழையும் ஒரே நேரத்தில் வரும் ஊரில் இது சாதாரணமில்லை. 2023 பிப்ரவரியில் எதிர்பாராத மழைக்குப் பிறகு மத்திய அரசு வரம்பை 20 வரை தளர்த்தியது. 2025 குறுவையில் தமிழக அரசு 22 கேட்டது, நவம்பரில் மறுத்துவிட்டார்கள். வரம்பு 17-ஆ 22-ஆ என்று டெல்லி வரை சண்டை நடக்கிறது. மெஷின் காட்டுவது நிஜமான 17-ஆ என்ற கேள்வி கொள்முதல் நிலைய வாசலைக்கூடத் தாண்டுவதில்லை!

அரை சதவீதம் முன்னே பின்னே சொல்லக்கூடிய ஒரு மெஷின் 17.2 காட்டியதும் நெல்லைத் திருப்புவது அளவை சாஸ்திரப்படியே தவறு. அந்த எண்ணுக்கு உள்ளே 16.8-ம் இருக்கலாம், 17.6-ம் இருக்கலாம். மெஷினின் சந்தேகத்தை முழுக்க விவசாயியின் தலையில் ஏற்றுவதற்குக் காரணமே இல்லை. கோட்டுக்கு அருகில் வந்தால் குவியலின் வெவ்வேறு இடத்திலிருந்து மூன்று மாதிரி எடுத்துச் சராசரி பார்ப்பது குறைந்தபட்ச நியாயம். அதற்கும் மேலே சந்தேகம் என்றால், அடுப்பில் வைத்து உலர்த்தி எடை பார்க்கும் பழைய முறை இருக்கிறது. எல்லா மெஷினும் கடைசியில் அதை வைத்துத்தான் அளவு திருத்தப்படுகிறது. இதற்கு வெளியூர் போக வேண்டியதும் இல்லை. ஈர நெல்லைக் காப்பாற்ற வேண்டும் என்ற தேவையிலேயே திருவாரூரில் வேர்விட்டு, நெல் பதன ஆய்வு மையமாக வளர்ந்து, 2021 முதல் நிஃப்டெம் என்ற பெயரில் இயங்கும் தேசிய நிறுவனம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. டெல்டா ரகங்களுக்கு, மழைக்கால ஈரத்துக்கு, களத்து வெயிலுக்கு ஏற்ற அட்டவணையைப் போட்டு மெஷின்களில் ஏற்ற இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

சர்க்யூட் சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. கூடுதலாக எடை பிடிக்கிறார்கள், மூட்டைக்கு இவ்வளவு கேட்கிறார்கள் என்ற புகார் ஒவ்வொரு பருவத்திலும் செய்தித்தாளில் வருகிறது. அதற்கு எந்த ஏ.டி.சி.யும் பதில் சொல்லாது. ஆனால் ‘மெஷின் அப்படித்தான் காட்டுது’ என்ற சாக்கு இருக்கும்வரை, பட்டியல் எழுத்தர் நேர்மையானவராக இருந்தாலும் அதை நிரூபிக்க அவருக்கு வழியில்லை. சரிபார்த்த மெஷின் அவருக்கும் பாதுகாப்புதான்.

2009-ம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வேண்டும். நல்ல ஏற்பாடு, ஆனால் போதாது. முத்திரை குத்திய மறுநாளே தராசு லாரியில் ஏறி, குலுங்கி, மேடு பள்ளத்தில் செங்கல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. உமித்தூசி தட்டுக்கு அடியில் அடைகிறது. அடுத்த முத்திரை வரை அது சொல்வதே வேதம்.

இதற்கு 32 பிட் தராசு வாங்க வேண்டாம். முத்திரையிட்ட இரண்டு 20 கிலோ எடைக்கல் ஒவ்வொரு நிலையத்திலும் இருந்தால் போதும். தினமும் காலையில் விவசாயிகள் முன்னால் முதலில் காலித் தட்டு, பிறகு ஒரு கல், பிறகு இரண்டு கல். பூஜ்ஜியம் நகர்ந்திருந்தால் முதலிலேயே தெரியும், பெருக்கத்தில் தப்பு என்றால் மூன்றாவதில் தெரியும், பாதியில் வளைகிறது என்றால் நடுவில் தெரியும். மூன்று எண்ணையும் விலைப் பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் எழுதிவிட வேண்டும். மதியம் வெயில் ஏறிய பிறகு இன்னொரு முறை. இரண்டு கல்லும் சேர்ந்தால் சரியாக ஒரு சிப்பத்தின் எடை, அதனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடத் தப்பைப் பிடித்துவிடலாம்.

அந்தக் கற்களை வாங்கும் செலவு, ஒரே பக்கம் 100 கிராம் சாயும் தராசு பத்து நாளில் தின்றுவிடும் 25,000 ரூபாயைத் தாண்டுமா என்று யாராவது எதிர்க்கணக்கு போட்டால் பின்னூட்டத்தில் எழுதலாம்.